வெறும் தண்ணீர்

குன்னம்,
6.10.2024

அன்புள்ள மலருக்கு,

போனில் கூப்பிட்டால் "மெஷின்ல இருக்கேன்டி, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். அந்த அப்புறம் வருவதே இல்லை. அதனால்தான் சென்னைக்கு அனுப்பும் மாதிரிப் பெட்டியிலேயே ஒரு கடிதத்தையும் வைக்கிறேன். ஐஸ் கட்டிகளுக்கு மேலே, பிளாஸ்டிக் உறைக்குள். இனி என்னைப் படித்த பிறகுதான் உன்னால் மற்றதைத் தொட முடியும்.

இந்த வாரம் எல்லா வீட்டிலும் வாங்கிவிட்டேன். காலையில் போகிற முதல் சிறுநீர் என்பதால் விடிந்ததும் தெருவில் நிற்கிறேன். கர்ப்பிணிகளுக்கு என்னைப் பார்த்தாலே சிரிப்பு. "எல்லாரும் பால் ஊத்த வருவாங்க, நீ எங்ககிட்ட ஒண்ணுக்கு வாங்க வர்றியே" என்கிறாள் கவிதா. அவளுக்கு ஐந்தாம் மாதம். இதற்கு முன் உண்டான இரண்டும் தங்கவில்லை. சிரித்து முடித்த பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வயல்ல அடிக்கிற மருந்து எங்க உடம்புக்குள்ள போயிருக்கான்னுதான பாக்குறீங்க? இருந்துச்சுன்னா சொல்லுவீங்களா?" என்று கேட்டாள். சொல்லுவோம் என்றேன். உன்னைக் கேட்காமலே சொல்லிவிட்டேன்.

சக்திக்குப் பெண்டாட்டி பிள்ளையைப் பார்க்கக்கூட நேரமில்லை. பருத்திக்கு மருந்தடிக்கும் காலம். போன வாரம் முழுக்க உங்கள் அப்பா வயலில்தான். ஸ்பிரேயரை இறக்கி வைத்தாலும் முதுகு அதிர்ந்துகொண்டே இருக்கிறதாம். தமிழ்மொழி ஒன்றாம் வகுப்பில் யாரிடமும் பேசமாட்டேன் என்கிறாள். வீட்டுக்கு வந்ததும் அத்தனையும் சேர்த்து என்னிடம் பேசுகிறாள்.

நீயும் நானும் பெரம்பலூர் கல்லூரியில் ஒரே பெஞ்சில் வேதியியல் படித்தவர்கள் என்றால் இங்கே யாரும் நம்புவதில்லை. அந்தப் படிப்பு வீணாகாமல் இந்த வேலையை வாங்கிக் கொடுத்தாய். தீபாவளிக்காவது வா. வந்தால் உங்கள் வீட்டோடு திரும்பிவிடாமல் எங்கள் தெருவுக்கும் வா.

உன்
வேம்பு


சென்னை,
15.10.2024

என் வேம்புவுக்கு,

உன் கடிதம் ஐஸ் ஈரத்தோடு வந்தது. ஆய்வகத்தில் எல்லோரும் கையுறையோடு சுற்றி நின்று பார்த்தார்கள். மாதிரிப் பெட்டியில் கடிதம் வருவது இங்கே இதுவே முதல் தடவை.

நீ அனுப்புவதை நாங்கள் என்ன செய்கிறோம் என்று உனக்குச் சொன்னதே இல்லை. மருந்து உடம்புக்குள் போனால் மருந்தாகவே வெளியே வராது. உடம்பு அதை உடைத்துத் துண்டுகளாக்கி அனுப்பும். அந்தத் துண்டுகளைத்தான் என் மெஷின் தேடிப் பிடிக்கிறது. ஏரித் தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பைத் தேடுவது போன்ற வேலை. ஆனாலும் பிடித்துவிடும்.

உன் பகுதியின் முதல் அளவுகள் வரத் தொடங்கிவிட்டன. எல்லாமே மிக உயர்வு. எங்கள் தலைவர் கலையரசன் சார் அச்சடித்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு அறைக்கு அறை போனார். "இந்த அளவுக்கு எங்கயும் வந்ததில்ல" என்றார். எனக்கும் பெருமையாக இருந்தது. வீட்டுக்குப் போகும் ரயிலில்தான் அது கவிதாவும் அவளைப் போன்றவர்களும் கொடுத்தது என்று உறைத்தது. அதற்குப் பிறகு எந்த வேலையிலும் மனம் நிற்கவில்லை.

ஆனால் யாருக்கும் முடிவைச் சொல்வதாக வாக்குக் கொடுக்காதே. ஆய்வு முடியாமல் தனித்தனியாகச் சொல்லக் கூடாது என்பது விதி. இன்னொன்று, நான் அனுப்பும் சுத்தத் தண்ணீரை அவர்களுக்குக் கொடுக்கும் அதே டப்பா ஒன்றில் ஊற்றி வாரா வாரம் அனுப்புகிறாய் அல்லவா, அதை மறந்துவிடாதே. அதில் ஒன்றும் இருக்கக் கூடாது. வழியில் எதுவும் கலக்கவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி. இதுவரை வந்த தண்ணீரை இன்னும் மெஷினில் போடவில்லை. வரிசையில் நிற்கிறது.

தீபாவளிக்கு வர முடியாது போலிருக்கிறது. கோபித்துக்கொள்ளாதே.

அன்புடன்
மலர்கொடி


குன்னம்,
27.10.2024

அன்புள்ள மலர்,

கோபம்தான். ஆனால் அது நீ வராததற்கு இல்லை.

அளவு உயர்வு என்று எழுதிவிட்டு யாரிடமும் சொல்லாதே என்கிறாய். இதை வைத்துக்கொண்டு நான் எப்படி அவர்கள் வாசலில் போய் நிற்பேன்? கவிதா என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். "ஏதோ வந்துருக்கு, நீ சொல்ல மாட்டேங்குற" என்றாள். டப்பாவைக் கையில் வாங்காமல் உள்ளே போய்விட்டாள். அவள் கணவன் மகேஷ்தான் சமாதானம் சொல்லி வாங்கிக் கொடுத்தான். பக்கத்து வீட்டுக்காரி தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டாளாம், சிறுநீரில் மருந்து குறையட்டும் என்று. அவளுக்கு நான் என்ன புத்தி சொல்ல?

வீட்டிலும் நிம்மதி இல்லை. தமிழ்மொழிக்குச் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை. சக்தி எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறார், பிறகு அவரே வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார். தீபாவளிக்குப் பிள்ளைக்கு மட்டும் பாவாடை சட்டை எடுத்தோம்.

தண்ணீர் டப்பாவை மறக்கவில்லை. ஒரு வாரம்கூட.

வேம்பு


சென்னை,
12.11.2024

அன்புள்ள வேம்பு,

நலமா? இதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் சில நாட்களாகத் தள்ளிப்போட்டேன்.

உன் மாதிரிகளில் ஒரு கோளாறு. சிறுநீரில் துண்டுகள்தான் இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தேன் அல்லவா? இவற்றில் துண்டுகளோடு உடையாத மருந்தும் முழுசாக இருக்கிறது. உடம்பு வழியாக வந்திருந்தால் அப்படி இருக்க வழியில்லை. சந்தேகப்பட்டு, நீ அனுப்பிய சுத்தத் தண்ணீரை மெஷினில் போட்டேன். அதிலும் அதே மருந்து, அதே துண்டுகள். ஒரு வாரம் இரண்டு வாரம் இல்லை, எல்லா வாரத்திலும். அப்படியென்றால் டப்பாவிலேயே மருந்து இருந்திருக்கிறது.

கலையரசன் சார் கோபமாக இருக்கிறார். "ஃபீல்டுல கவனமில்ல" என்று கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொன்னார். உன்னைக் கேட்டு எழுதச் சொல்லியிருக்கிறார். காலி டப்பாக்கள் உள்ள அட்டைப்பெட்டியை எங்கே வைத்திருக்கிறாய்? பிரித்த பாக்கெட் மூடி இருக்கிறதா, திறந்து கிடக்கிறதா? வேறு யாராவது தொடுகிறார்களா? டப்பாவைத் துடைப்பது உண்டா, எந்தத் துணியால்? தயவுசெய்து விடாமல் பதில் எழுது.

மலர்கொடி


குன்னம்,
17.11.2024

மலர்கொடி மேடத்துக்கு,

நீங்கள் கேட்டதற்குப் பதில்.

பெட்டியை எங்கள் வீட்டு உள்ளறையில், மூலையில் வைத்திருக்கிறேன். அதைவிட நல்ல இடம் இந்த வீட்டில் கிடையாது. வெளியறையில் எலி வரும், அடுப்படியில் புகை. உள்ளறையை நாள் தவறாமல் துடைக்கிறேன். தமிழ்மொழி படுப்பதும் அங்கேதான், பெட்டிக்குப் பக்கத்தில். பாக்கெட்டைப் பிரித்தால் வாயை மடித்து வைப்பேன், ஒட்டுவதில்லை, ஒட்டச் சொல்லி யாரும் சொல்லவும் இல்லை. பெட்டிக்கு மேலே சுவரில் சட்டை மாட்டும் ஆணி இருக்கிறது, சக்தி வேலைக்குப் போட்டுப்போகும் சட்டையும் லுங்கியும் மாட்டியிருக்கும், மற்றபடி அங்கே ஒன்றும் இல்லை. பிள்ளை ஒருநாளும் டப்பாவைத் தொட்டதில்லை. நான் எந்தத் துணியாலும் துடைத்ததில்லை.

போதுமா?

நானும் கல்லூரியில் அதே ஆய்வகத்தில் அதே கண்ணாடிக் குழாயைக் கழுவியவள்தான். கவனமில்லை என்று உன் சார் சொன்னாராம். நீ என்ன சொன்னாய்? அதை எழுதவே இல்லையே. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய் என்று எடுத்துக்கொள்கிறேன்.

எனக்கு இதற்கெல்லாம் நேரம் இல்லை. பிள்ளைக்கு உடம்பு சரியில்லை. கண்ணில் தண்ணீர், வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கிறது. வயிறு வலிக்கிறது என்று சுருண்டு படுக்கிறாள். பூச்சி என்று சொல்லி டாக்டர் மருந்து கொடுத்தார். கேட்கவில்லை.

வேம்பு


சென்னை,
20.11.2024

வேம்பு,

கூரியரில் அனுப்புகிறேன். காலையிலிருந்து போன் போடுகிறேன், நீ எடுக்கவில்லை. கோபத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் இதைப் படி.

தமிழ்மொழியை அந்த அறையிலிருந்து உடனே வெளியே கொண்டுவா. அவள் பாயையும் போர்வையையும் அங்கிருந்து எடுத்துவிடு. அவளைச் சோப்புப் போட்டு, தலையோடு சேர்த்துக் குளிப்பாட்டு. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், வயலில் அடிக்கும் பூச்சிமருந்து ஏறியிருக்கிறதா என்று பார்க்கிற ரத்தப் பரிசோதனை செய்யச் சொல். "வீட்டில் மருந்தடிக்கிற ஆள் இருக்கிறார்" என்று டாக்டரிடம் நீயே சொல். கேட்கும்வரை காத்திருக்காதே.

அந்தச் சட்டைதான் வேம்பு. மருந்து அதில் ஊறியிருக்கிறது. காய்ந்ததும் தூசியாகக் கீழே உதிர்கிறது. அந்த ஆணிக்குக் கீழே திறந்து கிடந்த டப்பாக்களில் இறங்கியிருக்கிறது. நீ கவனமில்லாமல் இருக்கவில்லை. நீ ஊற்றிய தண்ணீர் உன் வீட்டைத்தான் அளந்து காட்டியிருக்கிறது. டப்பாக்களுக்கு வந்தது பக்கத்தில் படுத்திருக்கும் பிள்ளைக்கு வராமல் இருக்குமா?

கூட்டத்தில் நான் வாய் திறக்கவில்லை. உண்மைதான். அதற்கு எப்படி வேண்டுமானாலும் திட்டு. பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று மட்டும் ஒரு வார்த்தை சொல்.

மலர்


சென்னை,
8.12.2024

அன்புள்ள வேம்பு,

பதில் இல்லை. போனும் இல்லை. எடுக்காத போனுக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டு என் கை ஓய்ந்துவிட்டது.

அப்பாவிடம் விசாரித்தேன். உன்னைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. சக்தியண்ணனைப் பற்றித்தான் குறை. "பருத்தி நடுவுல ஆளு வராம நின்னுட்டான். நீ அவன் பொண்டாட்டிக்கு என்னமோ எழுதுனியாமே?" என்றார்.

"என்ன மருந்துப்பா அடிக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"கடைக்காரரு குடுக்குறதுதான். ரெண்ட ஒண்ணாக் கலந்து அடிச்சாத்தான் புழு சாவுது."

"கைக்கு உறை, மூஞ்சிக்கு ஏதாவது குடுக்குறீங்களா?"

"அவனுக்கு என்னம்மா, பழக்கம்."

அந்தப் பழக்கம் என்ற சொல் என்னை விடமாட்டேன் என்கிறது. அந்த மருந்தின் பெயரை ஒரு நாளைக்கு எத்தனையோ முறை திரையில் பார்க்கிறேன். அது என் அப்பா வாங்கிக் கொடுத்தது என்று ஒருமுறைகூட நினைத்ததில்லை. நீ முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தாய், உங்கள் அப்பா வயலில்தான் என்று. அதை ஊர்ச் செய்தி போலப் படித்துவிட்டுப் போய்விட்டேன்.

உன் பகுதி மாதிரிகள் அத்தனையையும் தள்ளிவிட்டார்கள். அவற்றை வைத்து எதையும் சொல்ல முடியாது. வேறொரு பெண்ணை அனுப்பப் போகிறார்கள். காரணத்தை நான் எழுதிக் கொடுத்தேன், ஆள்மேல் தவறில்லை என்று. கலையரசன் சார் படித்துக் கோப்பில் செருகிவிட்டார்.

பிள்ளை எப்படி இருக்கிறாள்?

மலர்


திருமழபாடி,
22.12.2024

மலர்,

பிள்ளை தேறிவிட்டாள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். இங்கே அம்மா வீட்டில் இருக்கிறோம். இப்போது இட்லி கேட்டு அழுகிறாள்.

உன் கடிதம் வந்தபோது சக்தி வீட்டில்தான் இருந்தார். படித்த கையோடு சட்டையை ஆணியிலிருந்து எடுத்து வாசலில் எறிந்தேன்.

"என்னாடி பண்ற?"

"இதுலேருந்துதான் புள்ளைக்கு வந்துருக்கு."

"என் சட்டையிலேருந்தா? நான் போட்டுட்டு வேலைக்குப் போற சட்டையிலேருந்தா? அப்ப எனக்குல்ல மொதல்ல வரணும்? நான் நல்லாதான இருக்கேன்!"

கத்தினார். தெருவே எட்டிப் பார்த்தது. நானும் கத்தினேன். நல்லாவா இருக்கீங்க, கண்ணாடியில ஒரு தடவ உங்க கண்ணப் பாருங்க என்றேன். சட்டென்று அடங்கிவிட்டார். போய்க் குளித்தார். உரசி உரசிக் குளித்தார். கல்யாணத்துக்கு எடுத்த வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்து, "வா போவலாம்" என்றார். பஸ்ஸில் பிள்ளையை என் மடியில் விட்டுவிட்டு அவர் மட்டும் எழுந்து முன்னால் போய் நின்றார். இடம் இருந்தும் உட்காரவில்லை.

பூச்சிமருந்து ஏறினால் குறையும் ஒரு நொதி ரத்தத்தில் பாதியாகிவிட்டது என்றார் டாக்டர். ஆஸ்பத்திரியிலேயே வைத்துப் பார்த்தார்கள். "இன்னும் கொஞ்ச நாள் வுட்டிருந்தா?" என்று நான் கேட்டேன். அவர் சீட்டில் வேறு எதையோ எழுதினார்.

இங்கே வருவதற்கு முன் வீடு வீடாகப் போய் நானே சொன்னேன், நீங்கள் கொடுத்ததெல்லாம் வீணாகிவிட்டது, காரணம் என் வீட்டு மருந்து என்று. கவிதா கேட்டாள்: "அப்ப எனக்கு உள்ள இருக்கா, இல்லயா?" தெரியாது என்றேன். "தெரியாதுன்னு சொல்லவா இத்தன நாளா வாங்குன?" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். உன் சார் சொன்னதைவிட இதுதான் எனக்கு வலித்தது.

சக்தி குன்னத்திலேயே தனியாக இருக்கிறார். வா என்றால் வரமாட்டேன் என்கிறார். தன் ரத்தத்தைப் பார்க்கவும் சம்மதிக்கவில்லை. போனில் பிள்ளை பேசினால் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

உனக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். சொல்ல வரவில்லை.

வேம்பு


சென்னை,
19.1.2025

அன்புள்ள வேம்பு,

தமிழ்மொழி தேறிவிட்டாள் என்ற வரியை எத்தனையோ தடவை படித்துவிட்டேன்.

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். உன் தெருவுக்கும் போனேன். இத்தனை வருடத்தில் முதல் தடவை. சக்தியண்ணன் வாசலில் உட்கார்ந்திருந்தார். உள்ளே போகலாமா என்று காலை எடுத்து வைத்தேன், எழுந்து மறித்துவிட்டார். "உள்ள வராதீங்கம்மா. இன்னும் வாசம் போவல." சுவருக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்திருக்கிறார். ஆணியைப் பிடுங்கிவிட்டார்.

பிறகு கேட்டார்: "ஏம்மா, நீங்க படிச்சவங்க. நான் புள்ளயத் தூக்கலாமா?"

"தாராளமா தூக்கலாம்ண்ணா. வேல சட்டைய வெளியிலயே கழட்டிட்டு, குளிச்சிட்டு, வேற துணி கட்டிக்கிட்டுத் தூக்குங்க."

"நிச்சயமாவா?"

மெஷின் முன்னால் என்றால் இவ்வளவு சதவீதம் நிச்சயம் என்று சொல்லிவிடுவேன். அவர் முகத்துக்கு முன்னால் அது வரவில்லை. "நிச்சயமா" என்றேன். "நீங்க ரத்தம் குடுத்துப் பாத்துட்டா இன்னும் நிச்சயம்" என்றேன். தலையாட்டினார். செய்வாரா தெரியாது.

அப்பாவிடம் பேச வேண்டும் என்றுதான் போனேன். வீடு நிறைய உறவுக்காரர்கள். ஒருமுறை ஆரம்பித்தேன். "நல்ல நாளும் அதுவுமா வயலப் பத்தி உனக்கு என்ன தெரியும்னு பேசுற?" என்றார். அத்தை சிரித்தாள். நானும் எழுந்து உள்ளே போய்விட்டேன். மறுநாள் பஸ் ஏறிவிட்டேன்.

திருமழபாடிக்கு வரவா? எழுது. எந்த ஞாயிற்றுக்கிழமையும் வருகிறேன்.

உன்
மலர்


திருமழபாடி,
10.2.2025

மலருக்கு,

சக்தி வந்தார். நீ சொன்னது மனதில் இருந்திருக்கிறது. அரியலூரில் பஸ் மாறி வந்து இறங்கி, நேராக வீட்டுக்கு வராமல் கொள்ளிடத்தில் இறங்கிக் குளித்துவிட்டு, ஈரத் தலையோடு வாசலில் நின்றார். தமிழ்மொழி ஓடினாள். அவர் இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டார், பிடித்துவிடப் போகிறாளே என்று பயந்த மாதிரி. "இரு கண்ணு, அப்பா இன்னொரு தடவ குளிச்சிட்டு வரேன்" என்றார். அவள் எங்கே இருக்கப் போகிறாள்? காலைப் பிடித்து ஏறிவிட்டாள். பிறகு அவர் அவளை இறக்கவே இல்லை. சாப்பிடும்போதும் மடியில்தான்.

அரியலூரில் அவரும் ரத்தம் கொடுத்தார். பிள்ளையைவிட மோசம். சில மாதம் மருந்துப் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வரதராஜன்பேட்டையில் ஒரு நெல் மண்டியில் மூட்டை எடை போடப் போகிறார். எனக்கும் அங்கேயே ஒரு பள்ளியில் ஆய்வகம் பார்க்கும் வேலை கிடைக்கும் போலிருக்கிறது. குன்னம் வீட்டைப் பூட்டிவிட்டோம்.

பூட்டப் போன அன்று உன் அப்பாவே வந்தார். பருத்தி முடிந்து சின்ன வெங்காயம் போட்டிருக்கிறாராம். "இந்த ஒரு தடவ வந்து அடிச்சுக் குடுத்துட்டுப் போடா" என்றார். "வேற ஆளப் பாத்துக்குங்கய்யா" என்றார் சக்தி. அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. உன் அப்பாவும் கேட்டதில்லை போல. தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போனார்.

வேறு ஆளும் கிடைத்துவிட்டது. மகேஷ். கவிதாவின் கணவன். சக்தியின் பழைய ஸ்பிரேயரைத்தான் கேட்டு வாங்கிப் போனான். கொடுக்காதீங்க என்றேன். "நான் குடுக்கலன்னா வேற எங்கயாவது வாங்குவான், அவனுக்கும் வூடு இருக்குல்ல" என்றார் சக்தி.

நான் கவிதா வீட்டுக்குப் போனேன். கதவைத் திறக்கவில்லை. வெளியில் நின்றே சொன்னேன், அவன் சட்டையை உள்ளே கொண்டுவர விடாதே, தனியாகத் துவை, நீ துவைக்காதே, அவனையே துவைக்கச் சொல். திரும்பி நடக்கும்போது ஜன்னலிலிருந்து, "குளிக்கவும் சொல்லணுமா?" என்று கேட்டாள். ஆமா, தலையோட என்றேன். இதை உன் ஆய்வில் எழுதாதே. இது ஆய்வு இல்லை.

திருமழபாடிக்கு வரவா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். நீ எங்கள் வீட்டு வாசலில் நின்று அவருக்குப் பதில் சொன்னாய், அதை நான் மறக்க மாட்டேன். ஆனால் அத்தை சிரித்தாள் என்று எழுந்து போய்விட்டாய். எங்கள் தண்ணீரில் இருந்ததை உன்னால் கண்டுபிடிக்க முடிந்தது. அதை உன் வீட்டுக் கூடத்தில் சொல்ல முடியவில்லை. நான் உன் தோழி என்பதால் என்னிடம் இதைச் சொல்கிறாய். நான் உன் தோழி என்பதால்தான் எனக்கு இது தாங்கவில்லை.

நாளைக்கு மகேஷ் உங்கள் வயலில் அடிக்கிறான். கவிதாவுக்கு இது ஒன்பதாம் மாதம்.

உன் அப்பாவிடம் பேசு. பாதியில் எழுந்து போகாமல் பேசு. பேசிவிட்டு எனக்கு எழுது, என்ன சொன்னார் என்று எழுது, திட்டினார் என்றாலும் எழுது. வரும் தபாலெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பேன்.

பேசாமல் எழுதாதே.

வேம்பு